ஆறு நிமிடம் நாற்பத்து மூன்று வினாடி

படம் பார்க்கப் போகிற நாளில் நான் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. நடுவில் எழுந்து போனால் அளவு கெட்டுவிடும். நீங்கள் வைத்த டம்ளரைத் தொடவில்லை என்று தப்பாக நினைக்காதீர்கள், பழக்கதோஷம். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எடை, அளவு சோதிக்கும் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தேன். படிக்கல்லில் ஒரு கிராம் குறைந்தாலும் முத்திரை போடாமல் கடைக்காரனைத் திருப்பி அனுப்புகிற வேலை. சினிமாவுக்கும் அதே கண்ணோடுதான் போவேன். தியேட்டரில் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து காட்சி காட்சியாக நேரம் குறிப்பேன். அதே படம் வீட்டு டிஸ்க்காக வந்ததும் நோட்டை விரித்து வைத்து மறுபடி அளப்பேன். எந்தப் பாட்டு போயிற்று, எந்தச் சண்டை குறைந்தது, எந்த இருட்டுக் காட்சியைப் பளிச்சென்று ஆக்கிவிட்டார்கள், எல்லாம் நோட்டில் ஏறும். ஒரு வார இதழில் அதற்கென்று அரைப் பக்கம் கொடுத்தார்கள். 'குறை அளவு' என்று தலைப்பு வைத்தவன் நான்தான்.

இரண்டு வருடம் அதை ஈ, காக்கைகூடப் படிக்கவில்லை. ஆசிரியர் என் போனை எடுப்பதையே விட்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய குடும்பப் படம் டிஸ்க்கில் வந்தது. தியேட்டரில் நூற்று அறுபத்தெட்டு நிமிடம் ஓடிய படம். டிஸ்க்கில் நூற்று அறுபத்தோரு நிமிடம் பதினேழு வினாடி. ஆறு நிமிடம் நாற்பத்து மூன்று வினாடியைக் காணோம்.

எந்தக் காட்சி போயிற்று என்று தேடினேன். ஒன்றும் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு காட்சியும் துளித் துளி குறைந்திருந்தது. ஐம்பது வினாடிக் காட்சி நாற்பத்தெட்டு. நூறு வினாடி இருந்த இடத்தில் தொண்ணூற்றாறு. கதாநாயகியின் குரல்கூட ஒரு இழை மெலிந்து கேட்டது. மொத்தமாக வெட்டினால் அகப்பட்டுவிடுவோம் என்று, நகம் வெட்டுவதுபோல் எல்லா இடத்திலும் வெட்டியிருக்கிறான் ஒருவன் என்று முடிவு கட்டினேன்.

டிஸ்க் அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் அவன் பெயர் இருந்தது. படச்சுருளின் கீறலையும் தூசியையும் துடைத்துச் சுத்தம் செய்கிறவன். நான் அவனுக்குக் 'கத்திரி' என்று பெயர் சூட்டினேன். வாசகர்களுக்கு அது கற்கண்டாக இருந்தது. ஆறு வாரம் எழுதினேன். அரைப் பக்கம் இரண்டு பக்கமாயிற்று. ஆசிரியர் தாமாகவே போன் செய்தார். யாரோ டிஸ்க் கம்பெனி வாசலில் கத்திரிக்கோல் படம் வரைந்து ஒட்டினார்கள். ஏழாவது வாரம் கம்பெனி அவனை வேலையை விட்டு அனுப்பிற்று. நான் யாரையும் அனுப்பச் சொல்லவில்லை. அளந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வருகிற முகமாக இல்லை. நாற்பது வயது இருக்கும், ஒல்லி. செருப்பை ஜோடி சேர்த்து வாசலில் விட்டான். கையில் ஒரு தாள்.

"சார், நான் ஒரு துண்டுகூட வெட்டல. தியேட்டர் மெஷின் ஒரு செகண்டுக்கு இருபத்தி நாலு ஃபிரேம் ஓட்டும். நம்ம வீட்டு டிஸ்க் இருபத்தஞ்சு ஓட்டும். அதான் சீக்கிரம் முடியுது. படம் முழுசாத்தான் இருக்கு. குரல் கீச்சுன்னு கேக்கறதும் அதனாலதான்."

தாளில் வகுத்துக் காட்டியிருந்தான். நூற்று அறுபத்தெட்டை இருபத்து நாலால் பெருக்கி இருபத்தைந்தால் வகுத்தால் என்ன வருமோ, அதுவே வந்திருந்தது.

"என் மாமியாரே கத்திரின்னுதான் கூப்பிடறாங்க சார். அதை விடுங்க, அவங்களுக்கு ஏதோ ஒரு சாக்கு. பொண்ணைப் பள்ளிக்கூடத்துல கத்திரி மகள்ங்கறாங்க. ரெண்டு வாரமா போக மாட்டேங்கறா. இன்னொரு கம்பெனில கூப்பிட்டிருக்காங்க. அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் வந்தா எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. ஒரு வரி போதும் சார்."

பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த என் அக்கா சிரித்துவிட்டாள்.

"ஊர்த் தராசையெல்லாம் சோதிச்சியேடா! உன் தராசை எவன்டா சோதிக்கறது? பாவம், எழுதிக் குடுத்துத் தொலை."

அக்கா எப்போதுமே அப்படித்தான். வெளி ஆள் இருக்கிறானே என்று பார்க்க மாட்டாள். நான் கோபப்படவில்லை.

"தாள்ல போட்ட கணக்கு சரி தம்பி. ஆனா நான் கண்ணால அளந்துதான் எழுதறவன். அந்தப் படம் இந்த வாரம் காலைக் காட்சி ஓடுது. ரெண்டு பேரும் வாட்ச் வெச்சுப் பார்ப்போம். சரியா இருந்தா எழுதிடறேன்" என்றேன்.

அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கை சில்லென்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை போனோம். ஆபரேட்டர் படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன வாட்ச் சார், இன்னிக்கு ஜோடியா? கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். கத்திரி விழுந்து விழுந்து சிரித்தான். வெகு நாள் கழித்துச் சிரிக்கிறவன் சிரிப்பு.

பால்கனியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. முன்வரிசைக் கைப்பிடிச் சுவர் முழங்காலுக்குச் சற்று மேலே வரும். எத்தனையோ முறை நிர்வாகத்திடம் சொல்லியிருக்கிறேன், உயர்த்துங்கள் என்று. கேட்டால்தானே.

இடைவேளை வரை டிஸ்க் நேரம் எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு அவன் குழந்தைபோல் ஒப்பிட்டுக்கொண்டே வந்தான். "பாருங்க சார், இங்க ஐம்பது. அங்க நாற்பத்தெட்டு. ஆனா வசனம் ஒரு எழுத்துக் குறையல பாருங்க." அவன் சொன்னது ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. கணக்கில் வாதாட இடம் வைக்காதவனோடு என்ன பேசுவது?

சுத்தம் செய்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தில் ஒரு கீறல் தெரிந்தால் கிட்டே போய்ப் பார்க்காமல் அவர்களால் இருக்க முடியாது. அந்தப் பிரதியில் இடது கீழ் மூலையில் ஒரு பச்சைக் கோடு ஓடும். எனக்குத் தெரியும், நோட்டில் இருக்கிறது. அது வந்ததும், "தம்பி, அந்தக் கோடு உங்க டிஸ்க்ல இல்லையே, எப்படி எடுத்தீங்க?" என்றேன்.

எழுந்துவிட்டான். கைப்பிடிச் சுவர்மேல் குனிந்து, விரலால் காற்றில் கோட்டைத் தொடர்ந்து, "இதுவா சார், இது மூணு நாள் வேலை" என்று ஆரம்பித்தான். குரலில் அத்தனை சந்தோஷம்.

இரண்டு கை தேவைப்படவில்லை. கீழே அந்த வரிசைகளில் ஆள் இல்லை என்பதை முன்பே பார்த்துவைத்திருந்தேன். அந்த விஷயத்தில் நான் பொறுப்பில்லாதவன் அல்ல.

நான் இருக்கையில் உட்கார்ந்து மீதியைப் பார்த்தேன். கீழே ஒரு பெண் கத்தினாள். நாற்பது வினாடியில் ஆபரேட்டர் மெஷினை நிறுத்திவிட்டார். ஐம்பத்தாறு நிமிடப் படம் பாக்கி. ஆகவே அன்றைய அளவு முழுமையானது என்று எவரும் சொல்ல முடியாது. நான் எழுதியதைப் பொய் என்று நிரூபித்துவிட்டதாகவும் சொல்ல முடியாது.

முன்பே தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். முதல் வாரக் கட்டுரை வந்த நாலாம் நாளே ஒரு கணக்கு வாத்தியார் கார்டு போட்டிருந்தார். இருபத்து நாலு, இருபத்தைந்து, எல்லாம் தெளிவாக. இரண்டு முறை படித்தேன். அதற்குள் இரண்டாவது வாரம் அச்சுக்குப் போய்விட்டது. ஆசிரியர் மூன்றாவது வாரத்துக்குக் கூடுதல் பக்கம் தருவதாகச் சொல்லியிருந்தார்.

விபத்து என்று எழுதி நீங்கள் கோப்பை மூடிவிட்டீர்கள். யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, அக்காகூட. அவன் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போன இடத்தில் உங்கள் ஸ்டேஷன் அறிக்கையின் நகலைப் பார்த்தேன். விழுந்த நேரம் 'சுமார் ஒரு மணி' என்று இருந்தது. அதற்காகத்தான் பஸ் பிடித்து வந்தேன். பன்னிரண்டு நாற்பத்திரண்டு. தள்ளியது நான், பார்த்தது என் வாட்ச். மாற்றி எழுதிவிடுங்கள். தப்பு என்று தெரிந்த பிறகும் அதை அப்படியே விட்டுவைக்கிற ஆள் நான் இல்லை.