அத்தான் வண்டியில் ஒரு கடகடப்பு

கம்பெனியிலிருந்து வரும் கார் ஸ்பீக்கர்களைப் பற்றி ஒன்று சொல்கிறேன் மேடம், உங்கள் வண்டிக்கும் பயன்படும். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அவை பாஸ் என்கிற கனத்த அடிச்சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். காகித ஸ்பீக்கர் கிழிந்துவிடக் கூடாதே என்று அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். எவ்வளவு கூட்டினாலும் இரைச்சல்தான் கூடும், அடிவயிற்றில் ஒன்றும் விழாது. பெரும்பாலானவர்கள் இதோடு வாழப் பழகிவிடுகிறார்கள். பழகாதவர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள்.

கடை அத்தானுடையது, அதாவது அக்கா வீட்டுக்காரருடையது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள் என்பதற்காக நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினேன். ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு அக்கா என்னைக் கடையில் கொண்டு விட்டாள். காருக்குள் தலையை விட்டு வேலை செய்தால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அது பிடித்துப்போனது. அத்தான் என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிடுவார். தவறாக நினைக்க வேண்டாம், அவர் எல்லோருக்கும் பெயர் வைப்பவர்.

வேலையைக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இரண்டே விதிகள். ஓட்டை இருந்தால் பாஸ் கசிந்துவிடும். அதனால் கதவுத் தகட்டில் உள்ள ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்க வேண்டும். அதற்கென்று ஒரு ஷீட் இருக்கிறது. ஒரு பக்கம் தார் மாதிரி ஒட்டும், மறுபக்கம் வெள்ளித்தாள். ஒட்டிய பிறகு சின்ன உருளையால் குமிழி இல்லாமல் தேய்க்க வேண்டும். இது முதல் விதி. இரண்டாவது, தளர்ந்த பொருள் எதுவானாலும் பாஸுக்கு ஆடும், கடகடக்கும். இறுக்கு, ஒட்டு, இல்லையென்றால் கழற்றிப் போடு.

கடகடப்போடு எங்கள் கடையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. கழற்றிய திருகுகளை ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு மேலங்கிப் பையிலேயே வைத்துக்கொள்வேன். ஆறு வருடத்தில் ஒரு திருகு தொலைந்ததில்லை. சோதனைக்கு உள்ளே உட்காருவது அத்தான். நான் வெளியே நின்று தகட்டில் கை வைத்துப் பார்ப்பேன்.

போன மாதம் அத்தான் தனக்கென்று ஒரு கார் வாங்கினார். யார் வண்டியில் பாஸ் அதிகம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டி இருந்தது. கம்பெனி ஸ்பீக்கர்களைக் கழற்றினோம், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வைத்தோம், டிக்கி நிறைய ஒரு ஸ்பீக்கர் பெட்டி அடித்தோம். முதல் முறையாக என்னையும் உள்ளே உட்கார்ந்து கேட்கச் சொன்னார். சந்தோஷத்தில் அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போட்டார். பாஸ் நன்றாக இருந்தது. கூடவே ஒரு கடகடப்பும் இருந்தது.

"என்னடி அது?" என்றார்.

"தெரியலை அத்தான்."

"காது எதுக்குத்தான் வச்சிருக்க? ஒரு கம்மல் கூடப் போடுறதில்லை."

தேட ஆரம்பித்தேன். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பஞ்சு வைத்தேன். ஸ்டெப்னியை, ஜாக்கியை எடுத்தேன். சீட் பெல்ட்டுகளை அறுத்து எடுத்தேன். பின்சீட்டை எடுத்தேன். நான் முன்னால் உட்கார்ந்தால் முன்னால் கேட்டது. பின்னால் தரையில் போய் உட்கார்ந்தால் பின்னால் கேட்டது. அவ்வளவு கள்ளத்தனமான சத்தம்.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இது பாட்டா? வயித்துக்குள்ள யாரோ மாடிப்படி ஏறுற மாதிரி இருக்கு."

"பாட்டைக் கேக்காத, பாஸைக் கேளு," என்றார் அத்தான்.

"அப்போ நடுவுல கடகடங்குதே, அது?"

அத்தான் அன்று சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர் என்னைக் கூப்பிட்டார். "நேத்து நான் மட்டும் வீடு வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். சுத்தமா இருந்துச்சு. நீ ஏறுனாத்தான் கேக்குது. உன் ராசி அப்படி."

நான் மறுபடி வண்டிக்குள் குனிந்து தேட ஆரம்பித்தேன்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அது போகணும். இல்லைன்னா திங்கக்கிழமையிலேருந்து கடைக்கு வராத. துணிக்கடை வாசல்ல நின்னு, வாங்க வாங்கன்னு எல்லாரையும் கூப்பிட ஆள் கேக்குறாங்க. உன்னை அனுப்புறேன்."

அன்று முழுவதும் அந்த வாசலில் நான் நிற்பது போலவே இருந்தது. கண்ணாடிக் கதவு, தெருவில் போகிற அத்தனை முகங்கள். ஆனால் யோசிப்பதை நிறுத்தவில்லை.

அவர் சொன்னதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. தன்னிடமிருந்து வரும் சத்தம் யாருக்கும் கேட்பதில்லை, அது இயற்கை. அதனால்தான் தனியாகப் போகும்போது அவருக்குக் கேட்கவில்லை. இந்த ஒன்று பிடிபட்டதும் மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்தது. என்னையும் சோதித்துக்கொண்டேன், நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. வளையல் கிடையாது, கொலுசு கிடையாது, கம்மல் கிடையாது. அவரிடம் கைக்கடிகாரம், பெல்ட், சாவிக்கொத்து, கட்டிய பல் ஒன்று. எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வைத்தேன். பல்லைக் கழற்றித் தந்தபோது, "போட்டியில ஜெயிக்கலை, உன் தோலை உரிச்சிடுவேன்" என்றார், காற்று கலந்த குரலில். அப்போதும் கடகடப்பு போகவில்லை.

ஆக, வண்டியில் மிச்சமிருந்த தளர்ந்த பொருள் அத்தான் மட்டும்தான்.

கழற்றிப் போடலாம் என்றால், போட்டி விதிப்படி ஓட்டுபவர் உள்ளே இருந்தாக வேண்டும். அதனால் ஒட்ட முடிவு செய்தேன். சனிக்கிழமை பதினொரு மணி டீயில் அக்காவின் தூக்க மாத்திரை ஆறைக் கரைத்துக் கொடுத்தேன். அத்தான் குறட்டையில் தூக்கம் வராமல் அவள் தனக்கு வாங்கி வைத்திருப்பது. அவர் ஸ்டியரிங் முன்னால் தூங்கிப்போனார். காலிலிருந்து ஆரம்பித்தேன். மூட்டு மடங்கும் இடத்தில் ஷீட் சுருங்கும், அங்கே சூடு காட்டி ஒட்ட வேண்டும். அவருக்குச் சுடாமல் பார்த்துக்கொண்டேன். முகம் கடைசி. மூன்று ஓட்டைகள்தான், சின்னவை இரண்டு, பெரியது ஒன்று. முதல் விதி உங்களுக்கு நினைவிருக்கும். உருளையால் நன்றாகத் தேய்த்தேன். ஒரு குமிழி வந்தது, அதையும் எடுத்துவிட்டேன். அத்தான் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து பாஸைப் போட்டேன். இன்னும் லேசாகக் கேட்டது. உண்மையைச் சொல்கிறேன் மேடம், அழுகை வந்துவிட்டது. பிறகு இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று கேட்டேன். துளிக்கூட இல்லை. ஷீட் பிடிக்க இரண்டு நிமிடம் ஆகும், அவசரப்பட்டுவிட்டேன். அப்படி ஒரு சுத்தமான பாஸை நான் கேட்டதேயில்லை. கால் பெருவிரலில் ஏறி நெஞ்சில் நின்றது.

அக்கா சாப்பாட்டோடு வந்தபோது நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். "என்னடி, இவரைப் பார்சல் கட்டி வச்சிருக்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. அவள் கூச்சல் போட்டதில் பாஸ் சரியாகக் கேட்கவில்லை.

நான்தான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. என்னைத் துணிக்கடைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கவும். என்னை இங்கே ஸ்டேஷனுக்கு நடத்தி வரும்போது உங்கள் ஏட்டம்மா, "என்ன இது, நீ நடந்தா கடகடன்னு கேக்குது?" என்று என் பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அத்தான் வண்டித் திருகுகள் அதில் இருக்கின்றன, தொலைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் நடந்தால் அது எப்போதும் அப்படித்தான் சத்தம் போடும், ஆறு வருடமாக என் பையிலேயே இருப்பதால் எனக்குக் கேட்பதே இல்லை.