கீழ் டிவிஷன் கதிரை

வளைந்து வளைந்து ஏறும் பாதை எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஐயா. சின்ன வயதில் அப்பாவோடு கொடகவெலயிலிருந்து றக்வானைக்கு பஸ்ஸில் போகும்போதே கையில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தை ஆட்டாமல் தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். இப்போது திணைக்கள ஜீப்பிலும் அப்படித்தான். சாரதி சாலிக்கு அது தெரியும், சொல்லாமலே மெதுவாக ஓட்டுவார்.

விசாரணை என்று வந்திருக்கிறீர்கள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசாங்கத் திட்டங்கள் உண்மையில் பலன் தருகின்றனவா என்று அளந்து பார்ப்பது என் வேலை. அந்தப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. சாமான் கொடுப்பதற்கென்றால் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். கொடுத்த சக்கர நாற்காலியில் பிள்ளை இருக்கிறதா, கோழி அடைகாக்கிறதா என்று பிறகு போய்ப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமல்லவா? அந்த ஆள் நான்.

கதிரைத் திட்டம் நல்ல திட்டம். கழுத்து நிற்காத பிள்ளைகளை மடியில் கிடத்தி ஊட்டினால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். திரும்பத் திரும்ப நெஞ்சில் சளி கட்டும். தலையைத் தாங்கும் மரக்கதிரையில் நிமிர்த்தி உட்கார வைத்து, எப்படி ஊட்டுவது என்று தாய்க்கும் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் தெரிந்திருப்பது வேறு, நிரூபிப்பது வேறு.

நிரூபிக்க வேண்டுமென்றால் ஒப்பிட வேண்டும். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. ஒரே மாதிரி லயத்து வீடுகள், ஒரே மாதிரிக் கொழுந்து வேலை. ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதிரையும் பயிற்சியும் கொடுப்பது, மற்றப் பக்கத்துக்கு ஒரு வருடம் எதுவும் கொடுக்காமல் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது என்று ஏற்பாடு. எந்தப் பக்கம் என்பதை நம் இஷ்டத்துக்குத் தீர்மானிக்கக்கூடாது. அதனால் றக்வானைக் கடைவீதியில், ஒரு தேநீர்க் கடையில் வைத்து, பத்து ரூபாய் நாணயக் குத்தி ஒன்றைச் சுண்டினேன். கள உத்தியோகத்தர் மரியம் பக்கத்தில் இருந்தார். கதிரைகள் மேல் டிவிஷனுக்குப் போயின.

மரியத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு வேலை நிரந்தரமாவதற்காக நான் கொழும்புக்கு எவ்வளவு அலைந்தேன் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். பெருநாள் என்றால் அவர் வீட்டு வட்டிலப்பம் என் மேசைக்கு வந்துவிடும். கூடப்பிறந்த அக்காவிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு நம்பினேன்.

கீழ் டிவிஷனில் லோஜினி என்றொரு பெண். கொழுந்து பறிக்கிறவள். அவளுடைய மகள் தர்ஷிகாவுக்கு ஐந்து வயது, கழுத்து நிற்காது. நான் முதல்முறை போனபோது லோஜினி பிள்ளையை மடியில் கிடத்திக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் புரை ஏறி முகமெல்லாம் சிவந்துவிட்டது. முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இப்புடி படுக்க வச்சு ஊட்டுறது சரிதானுங்களா சேர்?"

சொல்லியிருக்கலாம். ஒரு வசனம்தான். ஆனால் சொன்னால் அதுவே பயிற்சியாகிவிடும், பிறகு எதை எதோடு ஒப்பிடுவது?

"நீங்க எப்பவும் ஊட்டுற மாதிரியே ஊட்டுங்க," என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. இஞ்சி தட்டிப் போட்டு பிளேன்டி ஊற்றிக் கொடுத்தாள். நல்ல தேநீர்.

நடுவில் ஒருமுறை பார்க்கப் போனேன். தர்ஷிகா லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். இறப்பர் பலகையில் செய்த கதிரை. தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது, மார்புக்குக் குறுக்கே ஒரு பழைய ஷோல் கட்டியிருந்தது. நான் படி இறங்கி வருவதைப் பார்த்துப் பிள்ளை சிரித்தாள். அன்றுதான் அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தேன்.

"மரியம் மிஸ் கொண்டாந்து குடுத்தாங்க சேர்," என்றாள் லோஜினி. "நிமித்தி வச்சு ஊட்டவும் சொல்லிக் குடுத்தாங்க. இப்ப பொறையே ஏறுறதில்லீங்க."

என் நிலைமையை நீங்களே யோசித்துப் பாருங்கள், ஐயா. வேறு யாரும் செய்திருந்தால் கோபம் வந்திருக்கும். மரியம் செய்ததால் எனக்கு அழுகைதான் வந்தது. அங்கேயே நின்று போனில் கேட்டேன்.

"அந்தப் புள்ள மூச்சுத் தெணறுறத பாத்துக்கிட்டு ஈக்க ஏலுமா சேர்?" என்றார். "எனக்கு ஏலாது."

ஒரு மன்னிப்பாவது கேட்பார் என்று போனைக் காதிலேயே வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

கதிரையில் சின்னத் திருத்தம் ஒன்று இருக்கிறது, கொண்டுபோய்ச் சரிசெய்து தருகிறோம் என்று லோஜினியிடம் சொன்னேன். அவளே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப் வரைக்கும் படியேறி வந்தாள். கீறல் படாமல் வைக்கும்படி சாலியிடம் சொன்னாள்.

"எப்பங்க சேர் திருப்பிக் கொண்டாருவீங்க?"

சீக்கிரம் என்றேன். வருடம் முடிந்ததும் கொடுத்திருப்பேன், ஆகவே அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கதிரை இன்னும் என் அறையில்தான் இருக்கிறது. ஒரு கீறல் இல்லை.

மரியத்தைக் கேகாலைப் பக்கம் மாற்றினேன். மழை தொடங்கியதும் தர்ஷிகாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், சுகமாகி வந்தாள். மறுபடியும் கொண்டுபோனார்கள், வரவில்லை.

செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. லோஜினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கதிர இல்லாம நிமித்திப் புடிக்க முடியலீங்க. நீங்க சொன்ன மாதிரி, முந்தி ஊட்டுன மாதிரியே ஊட்டுனேன். நான் என்னங்க தப்புப் பண்ணேன்?" என்றாள். நீங்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை என்றேன். அது உண்மைதானே.

வருட முடிவில் இரண்டு டிவிஷனுக்கும் இருந்த வித்தியாசத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. இனி எல்லாத் தோட்டத்துக்கும் கதிரை போகும். தர்ஷிகாவுக்கும் அதில் பங்கு உண்டு என்று கூட்டத்தில் நானே சொன்னேன்.

கடைசியாகக் குத்தியைப் பற்றிக் கேட்டீர்கள். மரியம் உங்களிடம் சொன்னது சரிதான். அன்று குத்தி கீழ் டிவிஷனுக்குத்தான் விழுந்தது. ஆனால் கதிரை கொடுக்கிற பக்கத்துக்கு நான் வாரந்தோறும் போக வேண்டும். கீழ் டிவிஷன் பாதையை நீங்கள் பார்த்ததில்லை, வளைவுக்கு மேல் வளைவு. மேல் டிவிஷனுக்கு நல்ல பாதை. அதனால் மாற்றிக்கொண்டேன். எப்படியும் ஒரு பக்கத்துப் பிள்ளைகள் காத்திருக்கத்தானே வேண்டும்? மரியம்கூட அன்று சிரித்துவிட்டு, "யாருக்கும் சொல்ல மாட்டேன் சேர்," என்றார்.

இவ்வளவு காலம் பழகிவிட்டு, அதைப் போய் உங்களிடம் சொல்லியிருக்கிறாரே ஐயா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.