அக்காவின் வலது காது

காதுக் கருவி விற்பவனுக்குப் பொறுமை வேண்டும் சார். எதையும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கும். அதனால் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

காய்ச்சலில் அக்காவுக்கு இரண்டு காதும் மந்தமானபோது கருவி பொருத்தியது நான்தான். பாட்டு டீச்சர் அல்லவா, மறுபடி சுருதி கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலமே தன் கணவர், எங்கள் மாமாவின் வயலினோடு பாட உட்கார்ந்தாள். நானும் கூடச் சேர்ந்து முனகினேன்.

"டேய், வாயை மூடுடா. நீ பாடினா கழுதை கோவிச்சுக்கும்."

சின்ன வயதிலிருந்து சொல்வதுதான். மாமாவும் சிரித்தார்.

இனிமை காதில் இல்லை சார், மூளையில் இருக்கிறது. இரண்டு காதும் ஒரே சுரத்தைச் சொன்னால் மூளை அதை ஒன்றாக்கிக்கொள்ளும். ஒரு காது மட்டும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னால் ஒட்டவும் ஒட்டாது, பிரியவும் பிரியாது, நறநறவென்று அறுக்கும். அக்காவின் வலது காதுக் கருவியில் சுருதியை இம்மிதான் ஏற்றினேன், என் போனிலிருந்தே.

"மாமா வாசிச்சா பல்லு கூசுதுடா. அவர் பேசினாக்கூட."

"கருவி சரியாத்தான்க்கா இருக்கு. உன் மூளைக்குத்தான் என்னவோ ஆயிடுச்சு."

நான் அவள் அறைக்குள் நுழையும்போது மட்டும் போனைத் தொட்டுச் சரிசெய்வேன். வெளியே வந்ததும் மறுபடி ஏற்றிவிடுவேன். "நீ பேசினா மட்டும் இதமா இருக்கு, போகாதடா" என்பாள். அந்த வார்த்தைக்காக நாற்பது வருஷம் காத்திருந்தேன். மாமா தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அவளே போகச் சொன்னாள்.

பதினொரு மாதம் அவளை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன். "எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சாடா?" என்று கேட்கும்போதெல்லாம் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை உள்ளே போய், "சாப்பிட்டியாக்கா?" என்றேன். அவள் முகம் சுருங்கியது.

"உன் குரலுமாடா?"

போனை எடுத்தேன். அணைந்து கிடந்தது. அவள் இரண்டு கருவியையும் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் ரயில் பாதைப் பக்கம் நடந்தாள். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். ரயில் ஓட்டுநரைத் தொந்தரவு செய்யாதீர்கள், அவர் ஊதத்தான் ஊதினார்.

அன்றிலிருந்து யார் பேசினாலும் எனக்கு இரண்டாகக் கேட்கிறது. நீங்கள் பேசுவதும்தான். பயமாக இருக்கிறது சார்.

எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கப்போவதில்லை. தப்பு என்மேல்தான். முந்தின நாள் போனுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன்.