ஒருக்கா அடிச்சா போதும் மருந்து

மட்டாஞ்சேரி ஜெட்டியில் எறணாகுளம் படகுக்கான வரிசையில், எனக்கு முன்னால் நின்றவர் நெஞ்சைத் தொட்டு மனைவியிடம் கேட்டார்: "அடுத்த வருஷம் இத வெளிய எடுத்துச் சுரண்டி, திரும்ப மருந்து அடிப்பாங்க அல்லே?"

கை நிறையப் பெயின்ட் கறை. படகுகளின் அடியில் சிப்பி ஒட்டாமல் மருந்து பூசுகிற வேலை போலும்.

"எடுக்கவே மாட்டாங்க. மருந்து தடவின ஸ்டென்ட் எப்பவும் உள்ளேதான் கிடக்கும்."

"எந்த மருந்து அடிச்சாலும் ஒரு மழை கழிஞ்சா சிப்பி ஒட்டும்டீ."

"ரத்தக்குழாய்ல ஏது சிப்பி? உள்ள சதை வளந்து குழாய் திரும்பச் சுருங்காம இருக்கத்தான் அந்த மருந்து."

"மருந்து உள்ளயே இருக்கு. பின்னே மாத்திரை எதுக்கு? நேத்தே நிறுத்திட்டேன்."

வரிசையே திரும்பிப் பார்த்தது.

"ஐயோ! நிறுத்தினா ரத்தம் கட்டி ஸ்டென்டே அடைச்சுக்கும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! அடியில பூசியாச்சுன்னு படகுல ஊறுற தண்ணிய இறைக்காம விடுவீங்களா?"

அவர் யோசித்தார்.

"அது தினமும் இறைக்கணும்," என்று கையை நீட்டினார்.

பையிலிருந்து மாத்திரையும் தண்ணீரும் வந்தன. விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"ஒருக்கா அடிச்சா போதும்ங்கற அந்த மருந்து டப்பாவுல கிடைக்குமான்னு டாக்டர்கிட்ட கேளுடீ. படகுக்கு ஆகும்."