ஆறு மாசத்து மாத்திரை

அதை மேசை மேல வைக்காதீங்கம்மா, பைக்குள்ளயே இருக்கட்டும். கோபமெல்லாம் இல்ல. வைட்டமின் டப்பாதானே, நான் பார்க்காத டப்பாவா? மாத்திரைய அதுல கொட்டித் தரச் சொல்றீங்க. நான் ஏன் மாட்டேங்கிறேன்னா, அதுக்குப் பின்னால ஒரு சங்கதி இருக்கு. ஒருத்தன் சொல்லி நான் கேட்டது. அதை நானே பல வருஷமா முழுசா நம்பினதில்ல. பொய்னு தள்ளவும் முடியல, நிஜம்னு முழுங்கவும் முடியல. பதினோரு வருஷமா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

உக்காருங்க. டாக்டர் கூப்பிட நேரமிருக்கு, உங்களுக்கு முன்னாடி இன்னும் நாலு பேரு.

வெளிநாட்டுல நீங்க வேலைக்குப் போற இடத்துல எத்தனை பேரு தங்குற ரூமு? ஆறு பொம்பளைங்களா. ஒரே அலமாரி. பூட்டும் கிடையாது. ம். யாராவது லேபிளப் படிச்சு, போன்ல தேடிப் பார்த்து, இது எச்.ஐ.வி. மாத்திரைன்னு கண்டுபிடிச்சா மறுநாளே திருப்பி அனுப்பிடுவாங்க. அந்தப் பயம்தானே? நியாயமான பயம்தான். பயப்படாதீங்கன்னு சொல்ற ஆளு நான் இல்லம்மா. சொல்லிட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன், பெட்டியத் தூக்கிட்டுப் போறது நீங்கதானே.

முன்ன இங்க மாத்திரை வாங்கிட்டிருந்த ஒருத்தருக்கும் இதே பயம்தான். பேரெல்லாம் கேக்காதீங்க. உங்க பேரையும் நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட நான் சொல்ல மாட்டேன்ல? கிரேன் ஓட்டுறவர், கிரேன்காரர்னு வச்சுக்குங்க. ஒல்லியா, நெடுநெடுன்னு இருப்பார். நானும் கிரேனும் பக்கத்துல நின்னா யாரு அண்ணன் யாரு தம்பின்னு முதலாளிக்கே குழப்பம் சார்னு அவரே சொல்லிச் சிரிப்பார். இந்த நாற்காலியிலதான்... அட, எந்திரிக்காதீங்க. அது வேற நாற்காலி, மாத்தியாச்சு.

முதல்ல வந்தப்ப ரெண்டு பேரு கைத்தாங்கலாத்தான் கூட்டிட்டு வந்தாங்க. மாத்திரைதான் ஆளைத் தூக்கி நிறுத்துச்சு. அது அவருக்கு நல்லாத் தெரியும். மூணு வருஷத்துல ஒரு வேளை தவறினதில்ல. மாசா மாசம் மீதி மாத்திரைய எண்ணுவோமே, உங்களுக்கும் பண்றதுதான், அவரோடத எண்ணும்போது கணக்கு இடிச்சா தப்பு என் மேலதான் இருக்கும். மறுபடி எண்ணினா சரியா இருக்கும்.

வெளிநாட்டு வேலை வந்துச்சு, விசாவுக்கு ரத்தப் பரிசோதனை கேக்காத நாடு. எல்லாம் நான்தான் தயார் பண்ணினேன். உங்களுக்குச் சொன்ன அதே பாட்டுதான். மாத்திரை கைப்பையில இருக்கணும், பெரிய பெட்டியில போடாதீங்க. தடுப்பூசி எது போடச் சொன்னாலும் எங்களைக் கேக்காம கைய நீட்டாதீங்க. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க. இங்க எட்டு மணின்னா அங்க அஞ்சரை, இனி உங்க கடிகாரத்துல அஞ்சரைதான் மாத்திரை நேரம். டாக்டர் கடுதாசியில நோய் பேரு இருக்காது, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்துன்னு மட்டும் இருக்கும். எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, கடைசியில உங்கள மாதிரியே கேட்டார். சார், ரூம்ல எட்டு பேரு. லேபிளப் பார்த்துட்டா நான் என்ன சொல்லன்னு.

அப்ப எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. நம்மள விட மூளைக்காரன் இல்லன்னு ஒரு நெனப்பு. எங்க வீட்டுல சம்சாரம் சாப்பிட்டு முடிச்ச வைட்டமின் டப்பா ரெண்டு கிடந்துச்சு. கழுவி, வெயில்ல காய வச்சு, கொண்டாந்து, இதே மேசையில என் கையாலதான் கொட்டினேன். நூத்தி எண்பது மாத்திரை. தினம் ஒண்ணு, ஆறு மாசம். ஆறாவது மாசம் லீவுல வந்து வாங்கிக்கணும்னு பேச்சு. யாரு கேட்டாலும் சத்து மாத்திரைன்னு சொல்லுங்கன்னேன். அதுவரைக்கும் சார் சார்னுதான் கூப்பிடுவார். அன்னைக்கு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அண்ணேன்னார்.

அஞ்சாவது மாசமே வந்துட்டார். ஆமாம்மா. பெட்டியிலதான்.

இல்ல, விபத்தெல்லாம் இல்ல. பக்கத்துக் கட்டில்காரன் ஒருத்தன் கூடவே வந்தான். நான் சொன்னேனே, அவன் சொன்ன கதைதான் இது. முதல்ல இருமல். அப்புறம் காய்ச்சல், மண்டைய உடைக்கிற தலைவலி. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களான்னு அங்க கேட்டதுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாராம். தினம் அஞ்சரைக்கு அந்தச் சத்து மாத்திரைய மட்டும் சாப்பிடுவார்ணே, ஒண்ணே ஒண்ணு, நான் கண்ணால பார்த்தேன்னு சொன்னான். ரெண்டு டப்பாவையும் அவர் சம்சாரத்துகிட்ட கொடுத்தான். ரெண்டும் காலி.

எங்க இடிக்குது பாருங்க. தினம் ஒண்ணுன்னா டப்பாவுல முப்பது மாத்திரையாவது மிச்சம் இருக்கணுமே?

அந்தம்மா டப்பாவக் கொண்டாந்து இங்க வச்சாங்க. நீங்க கொடுத்ததத்தானே சாப்பிட்டார், பின்ன ஏன் சார்னு கேட்டாங்க. நான் டாக்டர் முகத்தப் பார்த்தேன். டாக்டர்தான் சொன்னார், சாப்பிட்டிருக்க மாட்டார்மா, ஊரு மாறினா சில பேருக்கு மனசும் மாறிடும், தூக்கிப் போட்டிருப்பார்னு. அவர் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா அந்தம்மா மனசுல அது ஆணி அடிச்ச மாதிரி இறங்கிருச்சு. வாழ்ந்தது போதும்னு அவரா நிறுத்திட்டார், என்னையும் புள்ளையையும் நெனைக்கலன்னு. இன்னிக்கு வரைக்கும் அந்த வீட்டுல அவர் போட்டோ மாட்டலம்மா.

நானா? நான் என்ன பண்ணினேன்... அந்தக் கட்டில்காரன் இப்ப போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். செத்தவருக்குத் தூரத்துச் சொந்தம்னு சொல்லி வச்சிருக்கேன், நோயைப் பத்தி அவன்கிட்ட மூச்சு விட முடியாதே. நல்லா இருக்கிற போனையே சார்ஜ் நிக்கலன்னு கொடுப்பேன். என் சம்சாரம்கூட, உங்களுக்கு மட்டும் எப்படிங்க வருஷா வருஷம் ஒரே மாசத்துல போன் கெட்டுப் போகுதுன்னு கேப்பா. அவனும் அலுத்துக்காம அதே கதையச் சொல்வான். ஒரு வார்த்தை மாறாது. மாறாத கதைய நம்பலாமா, கூடாதா, நீங்களே சொல்லுங்க. இவன் எதையோ மறைக்கிறான்னு நெனச்சேன். திருடி வித்துட்டானோன்னுகூட நெனச்சேன், தப்புதான். கேக்க வேண்டியத நான்தான் கேக்கலியோ? கேட்டா என்ன வரும்னு உள்ளுக்குள்ள எனக்கே தெரிஞ்சிருந்துச்சோ?

போன மாசமும் போனேன். அவனுக்கும் வயசாயிடுச்சு. ஸ்க்ரூ டிரைவர வச்சுக்கிட்டு, உடம்புல தெம்பே இல்லண்ணேன்னு ஆரம்பிச்சான். அந்த ரூம்ல இருந்தப்ப எப்படி இருந்தோம் தெரியுமாண்ணே, எல்லாம் அவர் புண்ணியம். கையில எது இருந்தாலும் தனக்குன்னு ஒளிச்சு வச்சுக்க மாட்டார். கேட்டா இல்லன்னு சொல்லத் தெரியாத மனுஷன். அவன் அதையும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கான்மா. கூட இருந்தவன் செத்தவனப் புகழத்தானே செய்வான்னு காதுல போட்டுக்காம விட்டிருக்கேன்.

கூப்பிடுறாங்களா? இல்ல, அது வேற நம்பர். உக்காருங்க, முடிச்சிடுறேன்.

உங்களுக்கு லேபிள் தெரியாம இருக்க வழி பண்ணித் தரேன். பூட்டு வச்ச சின்னப் பை இருக்கு. யாராச்சும் கேட்டா என்ன சொல்றதுன்னும் உக்காந்து யோசிப்போம். சத்து மாத்திரைங்கிற பேரு மட்டும் வேணாம். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அந்தம்மா வீட்டுக்குப் போறேன். அவர் உங்கள விட்டுட்டுப் போகலம்மா, டப்பா கொடுத்த நான்தான் காரணம்னு சொல்லணும். வாய் வருதான்னு பார்க்கத்தான் உங்ககிட்ட இவ்வளவும் பேசுறேனோ என்னமோ.

அன்னைக்குக் கடையில என்ன கேட்டேனா? அவன் போனத் துடைச்சுக் கையில கொடுத்தான். வாங்கிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுச் சும்மா கேக்குற மாதிரிதான் கேட்டேன். தம்பி, அந்தச் சத்து மாத்திரைய ரூம்ல தினம் எத்தனை பேரு சாப்பிட்டீங்கன்னு.