நீல நூல் கட்டிய மட்டை

— “ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு, பெப்ரவரி மாதம் பத்தொன்பதாந் திகதி, சனிக்கிழமை. காலையிற் பனி செறிந்திருந்தது. நண்பகலின் பின் வானம் முகிலின்றி வெளித்தது. மாலையில் மேற்கு வெயில் கண்ணைக் கூசச் செய்தது.” எழுதியாச்சு, கிறகோரி அண்ணை. ஆனால் ஹொக்கித் தெரிவுக்கு வெயில் கூசினது என்னத்துக்கு?

— நாளும் வானிலையும் இல்லாத அறிக்கை தலையில்லாத முண்டம், யூசுப். மலாயாவிலை கழகச் செயலாளரா இருந்த காலம் முழுக்க அப்பிடித்தான் எழுதினனான். தொடக்கத்திலை வானிலை, முடிவிலை நேரம். நேரம் எழுதி ஒப்பமும் இட்டாப் பிறகு ஒரு எழுத்தையும் ஒருத்தரும் மாத்தேலாது. ஒழுங்கெண்டால் ஒழுங்கு.

— சரி. தலைவர் நீங்கள், கப்டன் நான், அவ்வளவுதான் தெரிவுக்குழு. கொழும்புக்குப் போற அணியிலை ஒரு பாக்குக்குத்தான், கோலுக்கு முன்னாலை காவல் நிக்கிறவனுக்குத்தான், இடம் மிச்சம். நிக்கிறது ரண்டு பொடியள். ஒண்டு கொக்குவில் தில்லைநாதன். மற்றது உங்கடை மகன் பிரகாசம். கெதியாச் சொல்லுங்கோ, மஃரிபுத் தொழுகைக்கு முதல் நான் பள்ளிக்குப் போய்ச் சேரவேணும்.

— பேர் சொல்லாதையும் காணும். பேர் காதிலை விழுந்தால் மனம் சாயும். நீலமட்டையார், வெறுமட்டையார் எண்டு எழுதும். ஆர் எவர் எண்டதைக் கடைசியிலை கப்டன் நிரப்பலாம்.

— நீலமட்டையார் எண்டால்?

— பிடியிலை நீல நூல் சுத்தின மட்டை. நான் ஈப்போவிலையிருந்து கொண்டந்தது. அது ஆற்றை கையிலை இருந்ததெண்டு உமக்குத் தெரியாதே?

— தெரியும், அண்ணை. அது ஆற்றை கையிலை இருந்ததெண்டு எனக்கு வடிவாத் தெரியும்.

— அப்ப எழுதும்.

— இஞ்சருங்கோ, தேத்தண்ணி. யூசுப் தம்பி, உங்களுக்குப் பனங்கட்டி வேறையா வைச்சிருக்கிறன். என்னவாம், எழுதி முடிச்சாச்சோ?

— கூட்டம் நடக்குது, றோஸ்.

— ஒரு மேசை, ரண்டு பேர், இது ஒரு கூட்டம். தம்பி, நீங்களாவது கேளுங்கோ. முந்தின வரியமும் இவர் அவனை விட்டிட்டார், போன வரியமும் விட்டிட்டார். பிரகாசம் பெட்டியை அடுக்கி வைச்சிட்டான். இந்த முறையும் இல்லையெண்டால் திங்கட்கிழமை ரெயிலிலை பதுளைக்குப் போறானாம், என்ரை தமையன்ரை கடைக்கு. இனி மட்டையைத் தொடவும் மாட்டானாம். இவரோடை முகம் குடுத்துக் கதைச்சு மாசக்கணக்காச்சு. இவர் வந்து மேசையிலை இருந்தால் அவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்திடுவான்.

— போறவர் போகட்டும். பெத்த பிள்ளையெண்டு தெரிஞ்செடுத்தான் எண்ட கதை எனக்கு வேண்டாம்.

— ஆர் அப்பிடிக் கதைச்சது?

— ஒருத்தரும் கதைக்கேல்லை. கதைக்க நான் விடேல்லை.

— கேட்டியளோ, தம்பி? கதைக்காத ஊருக்குப் பயந்துதான் இந்த வீட்டிலை ரண்டு அடுப்பு எரியாத குறை. நான் உள்ளை போறன். எனக்கு அங்கையும் காது கேக்கும்.

— நீர் எழுதும், யூசுப். “பரீட்சை ஆட்டமாதலின், காவற்பக்கத்தார் இடைவேளையின் பின்னரும் பக்கம் மாறவில்லை. தலைவர் மறுமுனைக் கம்பங்களின் பின்னே, பனையோலை வேலியோரம், தனித்து அமர்ந்து நோக்கினார்.”

— நூறு யார் தூரத்திலை, மேற்கு வெயிலுக்கு நேரே, கண்ணாடியும் போடாமல். அதையும் எழுதட்டே?

— கண்ணாடி வாசிக்கிறதுக்கு. தகப்பன் போய் மகனுக்குப் பக்கத்திலை நிண்டால் எப்பிடி இருக்கும்? பயிற்சிக்கே நான் போறேல்லை. பாத்தால் பாசம் வரும். முகம் தெரியாத தூரம்தான் நல்ல தூரம்.

— ரண்டும் ஒரே உயரம், அண்ணை. தலையிலையும் ஒரே மாதிரி வெள்ளைத் துவாய்க் கட்டு. ஆளுக்காள் பக்கம் மாறி மாறி நிண்டாங்கள்.

— அதுதான் சொல்லுறன். மட்டை தெரிஞ்சால் போதும். அந்த நீலம் எனக்குக் காத வழியிலையும் தெரியும். எழுதும். “நீலமட்டையார்: உரமுடையவர், ஓட்டமுடையவர், பொறுமை இல்லாதவர். பந்து செல்லுமிடமெல்லாம் அதனைத் துரத்துவதே காவல் என்று கருதுகின்றார். முதற்பாதியில், எதிரணி முன்னணியாளர் ஒருவர் தோளை அசைத்த மாத்திரத்தே, தமது இடத்தை விட்டுப் பாய்ந்தார். அவர் விட்ட இடத்தினூடாகவே பந்து கோலுக்குட் புகுந்தது.”

— அது சரிதான். அவன் விட்ட இடத்தாலை வந்து என்ரை காலுக்குள்ளாலை போனது. கோலுக்கு நிண்ட நானும் அதிலை பங்காளி. ஆனால் அண்ணை, போன வரியம் பந்து கிட்ட வந்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சவன். இண்டைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு அடிச்சான். அதையும் போடுவம். நியாயம் எண்டு ஒண்டிருக்கு.

— கண்ணை மூடினவரோ? நான் அதை ஒருநாளும் அறியேல்லையே.

— நீங்கள்தானே பயிற்சிக்கு வாறேல்லை.

— அதுவும் சரி. போடும். “வளர்ச்சி தெளிவாகப் புலப்படுகின்றது. எனினும் இன்னும் ஒரு வருடப் பயிற்சி வேண்டும்.” என்ரை பிள்ளைக்கு இதுக்கு மேலை என்ரை வாயாலை நான் சொல்லேலாது.

— சொல்ல வேண்டாம். இனி வெறுமட்டையார்.

— யூசுப், அந்தப் பொடியன்ரை தகப்பன் குடுத்துவைச்ச மனுசன்.

— ஓம், அண்ணை. குடுத்துவைச்ச மனுசன்தான். அது அவருக்கு இன்னும் தெரியாது.

— எழுதும். மட்டை என்னத்தாலை செய்ததெண்டு நீர் சொன்னனீர், அதை முதல் போடும். “வெறுமட்டையார் ஏந்தியது, பூவரசங் கொப்பினை வளைத்து வீட்டிலே செய்த மட்டை. அதனையும் அவர் அருமையாகவே உபயோகித்தார். தொடக்கத்தில் அவர் சோம்பியிருப்பவர் போலத் தோன்றினார்.” உண்மையா நான் அப்பிடித்தான் நினைச்சன். நிக்கிறார், பாக்கிறார், ஒரு அடி இஞ்சாலை வைக்கிறார், ஒரு அடி அங்காலை வைக்கிறார். இதென்ன, கலியாண வீட்டுக்கு வந்து நிக்கிற மாதிரி எண்டு நினைச்சன். பிறகுதான் பாத்தன், அவர் நிக்கிற பக்கம் ஒரு குருவியும் வரேல்லை.

— வராது. வாறவனுக்கு ஒரு பக்கத்தை மூடி, மற்றப் பக்கத்தைத் திறந்து காட்டுவான். வந்தவன் தன்ரை கெட்டித்தனத்திலை பூந்து போறன் எண்டு நினைச்சுக்கொண்டு, இவன் அனுப்பின இடத்துக்கே போவான். அங்கை மற்றவன் மட்டையை ஓங்கிக்கொண்டு நிப்பான்.

— ஓப்சைட்டைக் கவனிச்சீரோ?

— கோலுக்குள்ளை எனக்கு வேறை என்ன வேலை? எதிராளிக்கும் எங்கடை கோலுக்கும் இடையிலை எங்கடை ஆக்கள் மூண்டு பேர் நிக்காட்டில் விசில். அவங்கள் பந்தைத் தட்டுறதுக்கு ஒரு இமைப்பொழுது முதல் இவன் மெல்லமா ஒரு அடி முன்னுக்கு வைப்பான். விசில். திரும்பவும் தட்டுவாங்கள், திரும்பவும் ஒரு அடி. விசில். அவங்கடை சென்டர் போர்வார்ட் என்னட்டை வந்து, உவன் என்ன எங்கடை மனசுக்குள்ளை பாய் போட்டுப் படுத்திருக்கிறானோ எண்டு கேட்டான். அல்லா அறிய, ரண்டாம் பாதியிலை நான் வெத்திலை போட்டுக்கொண்டு நிண்டனான்.

— வெத்திலை போட்டதை எழுதாதையும்.

— அதுதான் அவனுக்கு நான் குடுக்கிற சான்றிதழ். இவ்வளவு காலம் கோலுக்கு நிக்கிறன், வெத்திலை போட நேரம் தந்த பாக் இவன் ஒருத்தன்தான்.

— சரி, இப்பிடி எழுதும். “பந்தை ஓங்கியடித்துக் கைதட்டல் பெற விரும்பாது, தம்மவர் மட்டையிற் சென்று சேருமாறு மெல்லத் தள்ளினார். தோழர் பிழைத்த வேளையிலும் சினந்திலர்.”

— சினந்திலர் எண்டால்?

— கோவிக்கேல்லை.

— அதை அப்பிடியே எழுதினால் என்ன, அண்ணை?

— வீட்டிலை கோவிக்கலாம். அறிக்கையிலை சினக்கத்தான் வேணும். எழுதும். “சினந்திலர், கையை நீட்டி, நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார். பந்து வருமுன்னரே அது வரும் இடத்தை அறிகின்ற மதி இவரிடம் உண்டு. கால்வேகத்தைப் பழக்கத்தாற் பெறலாம். இம்மதியைப் பெறுதல் அரிது.”

— நல்லாச் சொல்லிப்போட்டியள். இப்ப ஒண்டு கேக்கிறன், நெஞ்சிலை கைவைச்சுச் சொல்லுங்கோ. நீலமட்டை உங்கடை மகன் எண்டதுக்காகக் குறைச்சுச் சொன்னியளோ? வெறுமட்டை ஊரான் பிள்ளை எண்டதுக்காகக் கூட்டிச் சொன்னியளோ?

— குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கண்டதைச் சொன்னன். நான் ஆசைப்படேல்லை எண்டோ நினைக்கிறீர்? அந்த மட்டையைக் கப்பல் வழிய மடியிலை வைச்சுக் கொண்டந்தனான், யூசுப். தொட்டிலிலை கிடந்த பிள்ளைக்கு. இண்டைக்கு வேலியோரம் இருந்து, அந்த நீலம் ஒருக்கால், ஒரேயொருக்கால், ஓடாமல் நிண்டு யோசிக்காதோ எண்டு மாதாவை மண்டாடினன். அது ஓடிக்கொண்டே இருந்தது. அங்காலை ஆற்றையோ பிள்ளை, நான் சாகமுதல் பாக்கவேணும் எண்டு நினைச்ச விளையாட்டை விளையாடிக்கொண்டு நிண்டுது.

— தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது.

— வேண்டாம். முடிப்பம். “ஆகவே, எஞ்சிய இடத்துக்கு வெறுமட்டையார் ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார். நீலமட்டையார் மாற்றாளராக அணியுடன் செல்வார்.” மணியைப் பாத்து எழுதும்.

— எழுதினன். இந்தாருங்கோ பேனை, இதிலை வையுங்கோ. இதுக்குக் கீழை நான் வைக்கிறன். இனி மாத்தேலாது, என்ன?

— கவர்னர் வந்து கேட்டாலும் ஏலாது. பேரை நிரப்பிப்போட்டு நீர் தொழுகைக்குப் போம்.

— நிரப்பிறன். அதுக்கு முதல் வீட்டுக்காரியிட்டை ஒரு கேள்வி. றோஸ் அக்கா, ஒருக்கால் வாருங்கோ. அந்த நீல நூல் மட்டையைக் கொண்டந்து தருவியளோ, பாக்க?

— அது எங்கை, தம்பி, இஞ்சை கிடக்கு? தில்லைநாதன்ரை மட்டை நேத்துப் பயிற்சியிலை பிளந்து போச்செண்டு, பிரகாசம் அதைக் கொண்டுபோய் அவனுக்குக் குடுத்திட்டானே. தான் ஒரு பூவரசங் கொப்பை அடுப்பிலை வாட்டி வளைச்சு எடுத்துக்கொண்டு போனவன். தகப்பனுக்குச் சொல்லாதையணை, மலாயா மட்டையெல்லோ, ஏசுவார் எண்டான். ஏன், அவன் அதையும் உடைச்சுப்போட்டானோ?

— பூவரசங் கொப்போ? பிரகாசமோ?

— ஓம், அவன்தான். ஏனப்பா?

— யூசுப். உமக்கு முதலே தெரியும்.

— என்ரை மூக்குக்கு முன்னாலை நிண்டவன்ரை முதுகு எனக்குத் தெரியாதோ? போன ரண்டு முறையும் நீங்கள் பேரைப் பாத்தியள், அண்ணை. இண்டைக்கு மட்டையைப் பாத்தியள். அந்த மட்டை செய்த உபகாரத்திலை, பொடியனை இண்டைக்குத்தான் முதன்முதல் பாத்திருக்கிறியள்.

— அந்தத் தாளை இஞ்சை தாரும். கிழிக்கவேணும். என்ரை கையாலை என்ரை மகனை நான்...

— தொடப்படாது. ஒப்பம் இட்டாச்சு. ஒழுங்கெண்டால் ஒழுங்கு.

— நல்ல மட்டையை ஏன் குடுத்தவர்? இப்பிடியான ஒரு நாளிலை?

— நானும் அதைத்தான் அவனிட்டைக் கேட்டனான். வாறவங்களை எல்லாம் நான் தில்லைநாதன்ரை பக்கம்தானே அனுப்பப்போறன், அடிக்கவேண்டியவன் அவன், எனக்கு நிக்கத்தானே வேணும், அதுக்கு எந்தத் தடியும் காணும் எண்டு சொன்னான்.

— தம்பி, எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. இவன் போறானோ, இல்லையோ?

— போறான், அக்கா. பதுளைக்கில்லை, கொழும்புக்கு. தெரிஞ்செடுத்தது உங்கடை மனுசன்தான். ஊர் ஏதும் கதைச்சால் இந்தத் தாளைக் காட்டுவம். தகப்பன் தில்லைநாதனை மகனெண்டு நினைச்சுத் தள்ளினவர் எண்டு ஊர் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கிற வாய் குறை சொல்லாது.

— சிரிக்கட்டும். வயிறு நோகச் சிரிக்கட்டும். றோஸ், அந்தப் பெட்டியை அவிழ்த்துத் திரும்ப அடுக்கச் சொல்லும். கடைக்குக் கட்டுற சாரங்கள் அதுக்குள்ளை வேண்டாம்.

— நீங்களே சொல்லுங்கோவன். கிணத்தடியிலை கால் கழுவிறன் எண்டு சொல்லிக்கொண்டு எவ்வளவு நேரமா நிக்கிறான். தண்ணி அள்ளுற சத்தத்தையே காணேல்லை.

— போறன். நான் போறன். அதுக்கு முதல், யூசுப், கடைசி வரியை ஒருக்கால் சத்தமா வாசியும். கிணத்தடிக்குக் கேக்கட்டும்.

— “தெரிவு செய்யப்பட்டவர், கிறகோரி பிரகாசம். கூட்டம் முடிவுற்ற நேரம், மாலை ஆறு மணி ஐந்து நிமிடம்.”