சேற்றுக் குட்டைக்காரர்

மணி ஏழரை இருக்கும். ராசிங்காபுரத்துக்கு மேற்கே, மூடிப்போன கல் குவாரிக்குப் போகிற பாதை. நல்ல மழை. ஈ காக்கை இல்லை...

மூக்கம்மாள் இப்படித்தான் ஆரம்பித்தாள். போடிமெட்டு மலைப்பாதையில், புலியூத்துக்குக் கீழே எங்கள் ஜீப்பு நின்றுவிட்டது. முன்னால் பாறை சரிந்து கிடந்தது. விடிந்தால்தான் மிஷின் வரும் என்றார்கள். ஏலத் தோட்டத்து வேலை முடிந்து இறங்குகிற பொம்பளைகள், தார்ப்பாய்க்குள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஈரச் சாக்கு வாசம். மூக்கம்மாள் தேவாரத்துக்காரி, அந்த வாரம்தான் எங்கள் ஜீப்பில் சேர்ந்தவள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

அவளுடைய சித்தி மகன், திருப்பதி என்கிறவருக்கு நடந்ததாம். போன ஐப்பசியில். குவாரி ஓடையில் போட்டிருந்த மோட்டாரைத் தூக்க இறங்கியிருக்கிறார். முழங்கால் தண்ணீர். அப்போது மேலே, குட்டைப் பக்கமிருந்து... டங், டங், டங். இரும்புக் குழாயில் மம்பட்டியால் தட்டுகிற சத்தம்.

"உங்கண்ணன் கடையில இருந்து நேரா ஓடைக்கு வந்துட்டாராக்கும்," என்றாள் அமுதவள்ளி. எல்லோரும் சிரித்தார்கள்.

"அவரு பீடிகூடக் குடிக்க மாட்டாருடி."

அந்தச் சத்தம் எங்கள் ராசிங்காபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். மழை பெய்தால் குவாரியிலிருந்து கல்தூள் கரைந்து பால்போல ஓடிவரும். எங்கள் மண் சிவப்பு. அந்தச் சேறு சாம்பல் நிறம். வயலில் படிந்தால் சிமெண்டு பூசியதுபோல இறுகிவிடும். அதற்காகத்தான் குட்டை. ஒரு ராத்திரியாவது தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். தூள் அடியில் படிந்த பிறகு, மதகுப் பலகையை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, தெளிந்ததை மட்டும் ஓடையில் விடுவார்கள். விடுவதற்கு முன்னால் குழாயில் மூன்று தட்டு. துவைக்கிறவர்களும் மாடு குளிப்பாட்டுகிறவர்களும் கரையேறிவிடுவார்கள்.

திருப்பதியும் பழக்கத்தில் கரையேறிவிட்டார். ஏறின மறுநிமிஷம் தண்ணீர் வந்து மோட்டாரைப் புரட்டிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. குவாரிதான் பூட்டிக் கிடக்கிறதே... டார்ச்சு அடித்துக்கொண்டு மேலே போயிருக்கிறார். யாரும் இல்லை. கரைமேல் அப்போதுதான் வெட்டிப் போட்ட சேறு, கட்டி கட்டியாக வரிசையில் இருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு தட்டுத்தான் கணக்கு. எங்கண்ணன் அங்க நிக்கிறப்பவே, பக்கத்துல... இன்னொரு தட்டு. அது எதுக்குன்னு அவருக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல."

யார் அது என்று யாரோ கேட்டார்கள். குட்டை பார்த்த ஆளாம், கரை உடைந்து உள்ளே போனவராம், ஆளை எடுக்கவே முடியவில்லையாம். மூக்கம்மாள் சொல்லச் சொல்ல, என் பக்கத்திலிருந்த ராக்கு இருட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியும்.

பெரியகருப்பன். என் வீட்டுக்காரர்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் குட்டையைத் தூர்வார வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். லோடு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள் குவாரிக்காரர்கள். சேறு மேல்மட்டம் வரை ஏறிவிட்டது. தண்ணீர் நிற்க இடமில்லை. கரை கசியுதென்று பலகையை எடுக்க ஓடினவர்தான். மிஷின் வைத்து அள்ளினார்கள். அள்ள அள்ள அந்தச் சேறு கூழ்போலத் திரும்ப வந்து குழியை மூடியது. மம்பட்டி கிடைத்தது. அவருடைய சட்டையை வைத்துக் காரியம் செய்தோம். முகம் பார்க்காததால், செத்துப்போனார் என்று என் வாயால் இதுவரை சொன்னதில்லை.

நாலாவது தட்டு எனக்கு. எங்கள் வீடு ஓடை முடிகிற இடத்தில். உலை வை, வர்றேன் என்று அர்த்தம். அது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. வந்ததும் பின்வாசல் தகரத்துக்கு அடியில் இருக்கிற தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்காருவார். அந்தச் சேறு ஊறினால்தான் விடும். ஊரில் இருக்கிற நாளெல்லாம் அந்தத் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் நான் ஜீப்பு ஏறுகிறேன். ராக்கு திட்டுவாள்.

"அந்தத் தட்டுக்குப் பெறகு அவரு எந்தப் பக்கம் போனாராம்க்கா?" என்று கேட்டேன்.

"ஆளே இல்லைங்கிறேன், எந்தப் பக்கம்னு கேக்குற," என்று மூக்கம்மாள் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஊருப் பக்கம்... சேத்துக்காலோட சளக் சளக்குன்னு யாரோ வெரசா எறங்கிப் போன சத்தம் கேட்டுச்சாம்."

போன ஐப்பசியில் நான் எஸ்டேட் லயத்தில் தங்கிக் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது.

விடிந்து, பாறையை ஒதுக்கி, வீடு வந்து சேர்ந்தேன். கீழேயும் நேற்று மத்தியானத்திலிருந்தே நல்ல மழையாம். பின்வாசலுக்குப் போனேன். தொட்டியில் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்து நின்றது. அடியில் விரல் கனத்துக்குச் சாம்பல் நிறச் சேறு, வழுவழுவென்று படிந்திருந்தது. அப்படித் தெளிய ஒரு ராத்திரி ஆகும். அப்படியானால் நேற்று பொழுது சாயவே...

உள்ளே ஓடினேன். நான் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன பானை, அடுப்பில் நிமிர்ந்து இருந்தது. பாதி வரை தண்ணீர். அரிசி போடவில்லை. அரிசி எந்த டப்பாவில் இருக்கிறதென்று அவருக்கு என்றைக்குமே தெரியாது.